பழைய வண்டியும் சூடேறும் கம்பியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து, அமரவிளையில் ஆற்றைத் தாண்டி, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலையை அடைகிறது. பாறசாலைக்கு அப்பால் இஞ்சிவிளை, அதையடுத்துக் களியக்காவிளை. இஞ்சிவிளை கேரளம், களியக்காவிளை தமிழகம். புதிதாக வருபவர் எல்லையைக் கடைப் பலகைகளின் எழுத்தைக் கொண்டே அறியலாமேயன்றி மண்ணைக் கொண்டு அறிய இயலாது. இருபுறமும் அதே தென்னை, அதே பலா, அதே சிவந்த மண்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் என்றவுடன் பம்பாயும் டில்லியும் கல்கத்தாவும் நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டு வாசலைவிட்டு ஓரடியும் பெயராமலே வெளி மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்றாக இருந்தது. அது கேரளத்திலேயே நின்றது. அக்காளை விளவங்கோட்டில் கட்டிக் கொடுத்து, தங்கையைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்த குடும்பங்கள் அன்று முதல் இரண்டு மாநிலக் குடும்பங்கள் ஆயின.

இக்குடும்பங்களை இணைத்துவைத்தது சாலை ஒன்றே. திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது 1979ஆம் ஆண்டில்தான். அதுவரை கல்யாணம், சாவு, பேறுகாலம் எதுவாயினும் பேருந்து அல்லது வாடகைக் கார்தான் கதி. இவ்வெல்லைக் கிராமங்களில் பழைய மோட்டார் வண்டிகளின்மீது ஒரு பிரத்தியேகமான வாஞ்சை காணப்படுவதற்கு இதுவே காரணம் என்பது நமது எண்ணம். தகப்பனார் ஓட்டிய வண்டியைப் பிள்ளைகள் பழுது பார்த்துப் புதுப்பித்து வைத்துக்கொள்கிறார்கள். அவ்வாறு புதுப்பிக்கப்பெற்ற வண்டிகள் பலவற்றில் தோன்றும் ஒரு நோயைப் பற்றியும், அந்நோய்க்குப் பின்னால் உள்ள வரலாற்றைப் பற்றியுமே இங்குக் கூறப் புகுகின்றோம். அந்நோயாவது, மின்சாரக் கம்பி சூடேறிக் கருகுதல்.

இச்சாலையில் பெரிய அளவில் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தை முதலில் பார்ப்போம். திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தை மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் தொடங்கி வைத்தார். லண்டன் நகரப் போக்குவரத்துக் கழகத்தில் அனுபவம் பெற்ற இ. ஜி. ஸால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதனை நடத்தும் பொறுப்புக்கு வரவழைக்கப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களுடன் வந்திறங்கின. அவற்றின் மேல் கூண்டுகள் உள்ளூரிலேயே கட்டப்பட்டன. அக்காலக் கூண்டுகளில் மரமே மிகுதி. மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் கூரையில் ஒரு விளக்கு வைக்க வேண்டுமானால் மின்சாரம் போவதற்கு ஒரு கம்பியும், அது திரும்பி அடிச்சட்டத்துக்கு வருவதற்கு மற்றொரு கம்பியும் வேண்டும். இரும்புக் கூண்டு உள்ள காரில் இரண்டாவது கம்பிக்குத் தேவையில்லை; வண்டியின் உடம்பே திரும்பும் வழியாகிறது. இதைத்தான் நம் பட்டறைக்காரர்கள் 'எர்த்' என்கிறார்கள். செம்பைச் சிக்கனம் செய்யக் கண்ட இவ்வழியே நமது கதையில் பின்னர் ஒரு முக்கிய பாத்திரமாக வரப்போகிறது.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதில் மின்சாரம் எஞ்சினில் பொறி எழுப்புவதற்கு மட்டுமே பயன்பட்டது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். பிசகினால் மணிக்கட்டு முறியும். முன்விளக்குகள் கார்பைடு வாயுவில் எரிந்தன. நம் ஊர்த் திருவிழா ஊர்வலங்களில் பெரியவர்கள் கண்ட கார்பைடு விளக்கின் உறவுதான் அது. 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேடிலாக் வண்டியில், சார்லஸ் கெட்டரிங் என்பவர் வகுத்த மின்சாரக் கிளப்பி பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து பாட்டரி, டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு ஆகிய நான்கும் ஒரே குடும்பமாயின. குடும்பம் பெருகியதும் கம்பிகளும் பெருகின.

இங்கிலாந்தில் இம்மின்சாரக் கருவிகளைச் செய்து குவித்தது பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் கம்பெனி. நம் நாட்டிலோ, திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் மோட்டார்த் தொழிலை நிலைநாட்டிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் குழுமத்தார் அந்த லூகாஸுடன் சேர்ந்து, 1961ஆம் ஆண்டில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள், சென்னையை அடுத்த பாடியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் செய்த அம்பாசடர், ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் நேர் வாரிசு. 1950களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய அவ்வண்டி 2014ஆம் ஆண்டு மே மாதம்வரை உற்பத்தியில் இருந்தது. உடம்பு வங்காளத்தில் வார்க்கப்பட்டாலும் அதன் நரம்பு மண்டலத்தின் இலக்கணம் ஆங்கிலேயருடையதே. அந்த இலக்கணத்தை அறியாமல் அதில் கை வைப்பவர் இடறுவது நிச்சயம்.

1950களின் நடுப்பகுதிவரை வண்டிக் கம்பிகள் ரப்பர் உறையிட்டு, அதன்மேல் பருத்தி நூலால் பின்னி, மெருகெண்ணெய் பூசப்பெற்றிருந்தன. பாலராமபுரத்து நெசவாளர்களின் முன்னோர், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். அவர்கள் வாழும் சாலை வழியே ஓடிய வண்டிகளுக்குள்ளும் நெய்த நூல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கையில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ரப்பரோ விளவங்கோட்டு, நெடுமங்காட்டு மலையடிவாரத்துச் சரக்கு. ஆயினும் ரப்பரும் செம்பும் நெடுநாள் ஒற்றுமையாக வாழ்வதில்லை. ரப்பரைப் பதப்படுத்தும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதனாலேயே அக்காலச் செம்புக் கம்பிகளுக்கு ஈயம் பூசினார்கள். அப்படியும் இருபது முப்பது ஆண்டுகளில் ரப்பர் இறுகி, வளைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். பின்னர் பி.வி.சி. உறை வந்தது. அது நொறுங்காது, ஆனால் சூட்டில் இளகும். சாதாரண பி.வி.சி. உறைக் கம்பி ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வரையே தாங்கத்தக்கது.

நூல் உறைக்காலத்திலேயே நிறங்களுக்கு ஒரு முறை வகுத்திருந்தனர். மாரிஸ் வழிவந்த வண்டிகளில் தவிட்டு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வரும் தாய்க் கம்பி. வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர்பெறும் கம்பி. பச்சை, அதே மின்சாரம் பியூஸைக் கடந்து வருவது. நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு ஓரவிளக்குக்கு, கருப்பு எர்த்துக்கு. பியூஸ்கள் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலான வண்டிகளில் இரண்டே இரண்டு. முன்விளக்குக்குப் பியூஸே கிடையாது. இருட்டில் ஓடும்போது பியூஸ் போய் விளக்கு அணைந்தால் வண்டி பள்ளத்தில் விழும் என்று அஞ்சி அவ்வாறு விட்டார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விலை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பாறசாலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூருக்கு நாம் சென்றிருந்தோம். 1964ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர் வண்டி ஒன்று அவ்வீட்டில் இருந்தது. கே.எல்.டி. என்று தொடங்கும் பழைய எண் பலகையை மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் நெய்யாற்றின்கரைக்கும் நாகர்கோவிலுக்கும் வாடகைக்கு ஓடி அக்குடும்பத்தை வாழவைத்த வண்டி அது. ஓட்டியவர் மறைந்தபின் பத்தாண்டுக் காலம் மாட்டுத் தொழுவத்தில் கிடந்ததைப் பேரன் வெளியே இழுத்து, பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பித்திருந்தார். துரு நீக்கி, உள்ளும் புறமும் பாலாடை நிறத்தில் வண்ணம் பூசி, புதுக் கம்பிகள் இட்டு, கண்ணாடிபோல் நிறுத்தியிருந்தார். குழித்துறையில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு, எண்பத்தாறு வயதான பாட்டியை அவ்வண்டியில்தான் அழைத்துச் செல்வது என்று முடிவாகியிருந்தது. பாட்டி மணப்பெண்ணாக ஆற்றைக் கடந்து வந்ததும் ஒரு வாடகைக் காரில்தானாம்.

ஆனால் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. முதலில் பார்த்த பட்டறையில் பியூஸ் அடிக்கடி போகிறது என்று சொல்லி, பெரிய பியூஸ் போட்டார்கள். அதன்பின் பியூஸ் போகவில்லை, கம்பி போயிற்று. இரண்டாவது பட்டறையில் கம்பிக்கட்டு முழுவதையும் மாற்றினார்கள். நாற்றம் மாறவில்லை. திருமணத்துக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. வண்டி நடுவழியில் தீப்பற்றினால் முதியவளை எவ்வாறு இறக்குவது என்று வீட்டுப் பெண்கள் அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியது சரியே.

இங்குப் பியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் 35 ஆம்பியரில் அது உருகிவிடும் என்று பொருள். தொடர்ந்து அது தாங்குவது ஏறத்தாழ அதில் பாதியே. இக்காலத்துப் பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று பொருள். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. பழைய எண்ணைப் பார்த்துப் புதிய பியூஸை இடுபவர் தம்மை அறியாமலே காவலை இரு மடங்கு தளர்த்திவிடுகிறார். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் பியூஸ் இடும் வழக்கத்தைப் பற்றிக் கூறவே வேண்டுவதில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு முதிய ஒயரிங் மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். அவர் வந்ததும் செய்த முதற்காரியம் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றியது. எர்த் முனையை முதலில் கழற்றிவிட்டால், மறுமுனையைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டாலும் தீப்பொறி எழாது. மாட்டும்போது எர்த் முனை கடைசி. எளிய விஷயம்தான், ஆயினும் முன்னர்க் கை வைத்த இருவரும் இதைச் செய்யவில்லை என்று பேரன் கூறினார்.

பின்பு அவர் கம்பிகளை விரலால் தடவிப் பார்த்தார். கம்பி நெடுகிலும் ஒரே சீராகச் சுட்டிருந்தால், அது சுமக்கக்கூடியதற்கு மேல் மின்சாரம் அதில் ஓடுகிறது என்று பொருள். பாரம் அதிகம் அல்லது எங்கோ உராய்ந்து உடம்பைத் தொடுகிறது. ஒரு முனை மட்டும் சுட்டு, மற்றப் பகுதி குளிர்ந்திருந்தால் அம்முனையின் இணைப்புக் கெட்டிருக்கிறது. பூவாறு, பொழியூர்க் கடற்காற்று இவ்வூர்கள் வரை வீசுகிறது. உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு மின்சாரத்துக்குத் தடை. தடை உள்ள இடத்தில் வெப்பம். பியூஸால் இதைப் பிடிக்க முடியாது என்பதே இதில் உள்ள வஞ்சகம். மின்சாரம் அளவுக்கு மேல் ஓடவில்லையாதலால் பியூஸ் அமைதியாக இருக்கும். இணைப்பு மட்டும் கருகிக்கொண்டிருக்கும்.

கசிவு உண்டா என்று பார்க்க அவர் கையாண்ட முறை நம் நெஞ்சைக் கவர்ந்தது. எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பாட்டரியின் கழற்றிய முனைக்கும் கம்பிக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை வைத்தார். பல்பு எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது, எரியாவிட்டால் இல்லை. அப்பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது. ஆகவே முழு உரசலே இருந்தாலும் தேடும்போது எதுவும் கருகாது. பல்பு எரியவில்லை. கசிவு இல்லை.

அடுத்து, வண்டி கிளம்பாதிருக்கக் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேரனை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னார். தாம் எஞ்சின் அருகே குனிந்து நின்றார். ஐந்தாறு நொடிகளில் சோக் இழுக்கும் கம்பியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. சோக் கம்பியோ மின்சாரக் கம்பியே அன்று. கார்புரேட்டரை இயக்கும் எஃகு இழை. அதில் ஏன் புகை வரவேண்டும்?

மேஸ்திரி வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, மீண்டும் ஸ்டார்ட்டரை இழுக்கச் செய்தார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத முள் நான்கைத் தாண்டிற்று. அவர் வண்டிக்கு அடியில் புகுந்து வெளிவந்து, "மக்கா, பெயிண்டு நல்லா அடிச்சிருக்க. அந்தப் பெயிண்டைத்தான் சுரண்டணும்" என்றார்.

விளக்கம் இதுவே. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைப்பது பின்னல் செம்புப் பட்டை ஒன்றே. புதுப்பித்தபோது அப்பட்டையைக் கழற்றி, உடம்புக்கு மூன்று பூச்சு வண்ணம் அடித்து, அந்த வண்ணத்தின் மேலேயே மீண்டும் முடுக்கிவிட்டார்கள். வழி அடைபட்டது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் 200 ஆம்பியர் வரை போகும். அது பாட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடி, எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே உலோகத் தொடர்பாக எஞ்சியிருந்த சோக் கம்பியில் புகுந்தது. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 200 ஆம்பியரில் இரண்டு வோல்ட் வீணாகி, 400 வாட் வெப்பம் பிறக்கும். ஏறக்குறையத் துணி தேய்க்கும் பெட்டியின் பாதிச் சூடு, எழுதுகோல் தடிமனுள்ள உறைக்குள். அதைத் தொட்டுக்கொண்டு சென்ற புதுக் கம்பிகளின் உறையே கருகி நாறியது. இரண்டாவது பட்டறை மாற்றிய கம்பிக்கட்டு குற்றவாளி அன்று, பலியாள்.

உப்புத் தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதுப் பட்டை முடுக்கி, அதன்மேல் வாஸ்லின் தடவினார். ஸ்டார்ட்டர் இளமைக்காலத்துக் குரலில் சுழன்றது. மீட்டர் முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

ஆயினும் வேலை முடியவில்லை. இரவில் முன்விளக்கை எரித்து வைத்தபோது பலகையிலுள்ள ஸ்விட்சு தொட முடியாமல் சுட்டது. பேரன் எதிரே வரும் லாரிகளுக்கு ஈடுகொடுக்க 100 வாட் பல்புகளை இட்டிருந்தார். பழைய பல்பு 45 வாட். இரண்டுக்கும் சேர்த்து ஏழரை ஆம்பியர். புதிய இரண்டுக்கும் பதினாறரைக்கு மேல். மின்சாரம் இரண்டேகால் மடங்குதான் கூடிற்று என்று எண்ணலாகாது. வெப்பம் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஏறக்குறைய ஐந்து மடங்கு. அக்காலத்தில் விளக்குக்கு இட்டது, ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தடிமனுள்ள பதினான்கு இழைகள் கொண்ட கம்பி. ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே அது தாங்கும். போதாக்குறைக்கு, இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெண்மை தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! செம்பு கடத்துவதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே அலுமினியம் கடத்தும். விலை குறைவு என்று கடையில் தள்ளிவிட்ட சரக்கு.

மேஸ்திரி 28 இழைச் செம்புக் கம்பியைப் பாட்டரியிலிருந்து நேரே விளக்குகளுக்கு இழுத்து, நடுவில் இரண்டு ரிலேக்களும், இரண்டு விளக்குகளுக்கும் தனித்தனிப் பியூஸும் வைத்தார். ஒன்று போனாலும் மற்றொன்று எரியும். பர்மிங்ஹாம்காரர் அஞ்சிய இருட்டுக்கும் இதில் விடை இருக்கிறது. பழைய ஸ்விட்சு இப்போது ரிலேக்களைத் தட்டி எழுப்பும் சிறு மின்சாரத்தை மட்டுமே சுமக்கிறது. 100 வாட் பல்புகளையும் கழற்றிவிட்டு 60 வாட் போட்டார். பேரன் முகம் சற்று வாடிற்று. ஆனால் மின்சாரம் முழுமையாகச் சென்றதால் முன்னைவிட வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

இத்தகைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் வேறொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1930களின் நடுவிலிருந்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையையே உடம்போடு இணைத்தார்கள். 1960களின் பிற்பகுதியில்தான் எதிர்முனைக்கு மாறினார்கள். இதைப் பாராமல் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டையோடுகள் நொடியில் போகும். கம்பிகளும் சேர்ந்து கருகும். மேலும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது. ஓட்டவே விரும்பிய அக்குடும்பத்தார் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டார்கள்.

திருமணத்தன்று பாட்டி முன் இருக்கையில் அமர்ந்து குழித்துறைக்குச் சென்றார். களியக்காவிளையில் வண்டியை ஒருமுறை நிறுத்தி, பேரன் இறங்கிச் சோக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாராம், குளிர்ந்திருந்தது.

பின்னொரு நாள் பானெட்டைத் திறந்து காட்டினார்கள். கம்பிகளின் நிறங்களையும் அவை போகும் இடங்களையும் எழுதிய அட்டை ஒன்று உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. மேஸ்திரி தமிழில் சொல்லச் சொல்லப் பேரன் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டது அது. அவர் படித்த பள்ளியில் தமிழ் இல்லை. அவ்வட்டையின் ஓரத்தில் நடுங்கும் கையால் பென்சிலில், தவிடு, வெள்ளை, பச்சை என்று தமிழிலும் எழுதியிருந்தது. பாட்டி எழுதியதாம்.